அடையாளம் தெரியாதவை

தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, எச்சில் தொட்டு, அலமாரியின் இரண்டு கதவுகளுக்கும் குறுக்கே ஒட்டிவைத்தேன். முப்பத்தாறு வயதில் கடலியல் முதுகலை படிக்கிற ஒருத்தி பரிசோதனைக்கூடத்தில் செய்கிற வேலையா இது என்று யாரும் கேட்கலாம். கேட்கட்டும். அந்த அலமாரிக்குள் என் பன்னிரண்டு ஜாடிகள் இருந்தன. பன்னிரண்டும் போனால் என் பட்டமும் போச்சு. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடத்துக்குத்தான் விடுப்பு கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்றே கால் வருடம் கரைந்துவிட்டது.

ஜாடிக்குள் என்ன பொக்கிஷம் என்றால், நத்தைகள். கடுகைவிடச் சிறிய நத்தைகள். மற்ற நத்தைகள் ஊர்வதற்கு வைத்திருக்கும் காலை இவை இரண்டு சிறகாக விரித்துக்கொண்டு தண்ணீரில் பறக்கும். கடல் பட்டாம்பூச்சி என்று செல்லமாகச் சொல்வார்கள். முதுகில் கண்ணாடி போல ஓர் ஓடு. கடல் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் ஏறிக்கொண்டு வருகிறதே, அதில் இந்த ஓடு தாக்குப்பிடிக்கிறதா, மெலிகிறதா என்பதுதான் என் ஆய்வு. மூன்று நாள் படகில் போய், குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு இடங்களில் வலை இழுத்துச் சேர்த்தவை. அந்தப் பருவம் முடிந்துவிட்டால் அவை கரைப் பக்கம் வருவதில்லை. அடுத்த பருவம் வரும்போது நான் எட்டாம் வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருப்பேன்.

படகிலிருந்து இறங்கிய அதே வாரம், கை பழகட்டும் என்று முதல் ஜாடியை மட்டும் எண்ணினேன். ஓட்டோடு இருந்தவை நானூற்றுப் பன்னிரண்டு. இன்னதென்று சொல்ல முடியாத துணுக்குகளைப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ‘அடையாளம் தெரியாதவை’ என்று எழுதுவோம். அது எங்கள் கூடத்துக் குப்பைத்தொட்டி. எழுதினவரே திரும்பிப் பார்ப்பதில்லை. எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் பழையபடி ஜாடியிலேயே ஊற்றி மூடினேன். மூன்று மாதம் கழித்து, சரிபார்ப்பதற்காக அதே ஜாடியை மறுபடி எண்ணினால், இருநூற்றுத் தொண்ணூற்றாறு. சரி, கண் அசந்திருக்கும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இன்னும் ஒரு மாதம் கழித்து எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. மற்ற ஜாடிகளைத் திறந்தால் அவற்றிலும் அதே வறட்சி. ஃபார்மலினில் ஊறிச் செத்துக் கிடக்கும் நத்தை எழுந்து பறந்தா போகும்?

யாரோ எடுக்கிறார்கள். அந்த ‘யாரோ’ யார் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

எங்கள் மேடத்திடம் ஆய்வு செய்பவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. இன்னொருவன் குச்சி. ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் கழுத்துதான் அதிகம். வகுப்பே வைத்த பெயர், அவனும் அதற்குத் திரும்பிப் பார்ப்பான். அவனும் அதே படகில் வந்து, பக்கத்தில் வேறு வலை போட்டு, இறால் குஞ்சுகளைச் சேர்த்தவன். வருட முடிவில் ஆராய்ச்சிக் கப்பலில் ஓர் இடம் காலியாகிறது, இரண்டு பேரில் ஒருவரைத்தான் மேடம் பரிந்துரைப்பார். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன காரணம் வேண்டும்? வாய்க்கு வாய் ‘அக்கா, அக்கா’ என்று குழைவான். எனக்குக் குழைகிறவர்களைக் கண்டாலே ஆகாது.

அன்றிலிருந்து அவனைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். ஜாடிகளின் மூடியைச் சுற்றி நான் ஒட்டுநாடா ஒட்டுவது எப்போதும் வலமாக. ஐந்தாம் ஜாடியில் அது இடமாகச் சுற்றியிருந்தது. குச்சி இடதுகைக்காரன். ஜாடிக்குள் திரவம் எங்கே நிற்கிறது என்று லேபிளில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். மட்டம் குறையவே இல்லை. அப்படியென்றால் நத்தையை மட்டும் எடுத்துவிட்டு அதே அளவுக்கு ஊற்றி வைக்கிறான், அவ்வளவு தேர்ந்த திருடன் என்று அதற்கும் கணக்குச் சொல்லிக்கொண்டேன். டீக்கடையில், நூலகத்தில், வராந்தாவில், “எண்ணிக்கை எப்படிக்கா போகுது?” என்று விசாரிப்பான். எதற்கு விசாரிக்க வேண்டும்? தன் வேலை எவ்வளவு தூரம் பலித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே?

படகிலேயே அவன் சரியில்லை. இரண்டாம் நாள் காலை, இயந்திரம் காதைக் கிழிக்கிறது, நான் கம்பியைக் கட்டிப்பிடித்துக் கொண்டு நிற்கிறேன். படகில் சமைக்கிறவர் “தங்கச்சி, ஒரு கை பிடி” என்று ஒரு கூடை வெங்காயத்தை என்னிடம் தள்ளிவிட்டிருந்தார். பத்து ஆண்கள் இருக்கிற படகில் கத்தியும் வெங்காயமும் நேராக என்னைத் தேடித்தான் வரும். அந்த எரிச்சலில் இருக்கும்போது குச்சி தள்ளாடிக்கொண்டு வந்து என் காதருகே குனிந்து, “அக்கா, வெங்காயம் போட்டாச்சா? இல்லன்னா எங்கிட்ட இருக்கு” என்றான். வெங்காயத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடலுக்கு வருகிறவனை அன்றுதான் பார்த்தேன். “எல்லாம் போட்டாச்சு. நீ ஒன் வேலையப் பாரு” என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். பொம்பளை என்றால் சமையல் நினைப்புதான் வரும் போலிருக்கிறது என்று அன்றே அவன் பெயரை மனசுக்குள் சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.

என் கணவர் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். என்னைப் பத்து வருடமாகப் பார்த்துச் சலித்தவர். துவைத்து வந்த துணியை எண்ணி வாங்குவேன், பால் பாத்திரத்தில் நேற்று நின்ற அளவை நினைவு வைத்திருப்பேன், அவர் சட்டைப் பையைத் துழாவாமல் துவைக்கப் போட மாட்டேன். “டீச்சர்” என்று கேலியாகத்தான் கூப்பிடுவார்.

“டீச்சர், அவன் ஒன் நத்தைய எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவான்? வறுத்தா திம்பான்?”

“ஒங்களுக்கு எல்லாம் வெளையாட்டுதான்.”

“சரி, அந்த முடி? அது அறுந்துச்சா?”

அறுந்தது மட்டுமா? வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தபோது முடியைக் காணோம். கதவிடுக்கில் இல்லை, தரையிலும் இல்லை. அவ்வளவுதான். கையும் களவுமாகப் பிடித்த மாதிரி எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. ஒரே மூச்சில் இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன்.

மேடம் படித்தார். ஒரு வரிக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டதுபோல இருந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“வாயால சொன்னா நான் கூப்பிட்டு விசாரிச்சு முடிச்சுருவேன். எழுத்துல குடுத்தா துறைத்தலைவருக்குப் போகணும். நிரூபணமானா அந்தப் பையன வெளிய அனுப்பிருவாங்க. அப்புறம் எந்தப் பல்கலைக்கழகமும் அவனத் தொடாது. யோசிச்சுட்டியா?”

“யோசிச்சுட்டேன் மேடம்.”

“பாத்தியா? அவன் எடுத்தத உன் கண்ணால பாத்தியா?”

“கண்ணால பாத்தாத்தானா மேடம்?”

மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கடிதத்தின் மேல் தேதி முத்திரை குத்தினார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை.

சனிக்கிழமை நான் செய்ததைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. என் தோட்டின் கொக்கி ஒன்று உடைந்து மாதக்கணக்காக டப்பாவில் கிடந்தது. அதைப் பற்றவைத்து வாங்க ஊரில் எத்தனையோ கடை இருக்கிறது. நான் தேடிப்பிடித்துப் போனது குச்சியின் அப்பாவின் பட்டறைக்கு. நகை வேலை செய்கிறவர் என்று அவனே ஒருமுறை சொல்லியிருந்தான். எப்பேர்ப்பட்ட குடும்பம் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். வேவு பார்ப்பதற்கு இதைவிடக் கௌரவமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

சந்துக்குள் ஒரு சின்ன அறை. வாசலில் செருப்பு விட இரண்டடி இடம், உள்ளே ஒரு குட்டை மேசை, அதன் விளிம்பில் பல வருடம் கை உரசி வழவழப்பான ஒரு பள்ளம். அவர் கண்ணில் ஒற்றை லென்ஸை மாட்டிக்கொண்டு தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகனுக்குக் கழுத்து எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

“பத்து நிமிஷம் உக்காருங்கம்மா, முடிச்சுக் குடுத்துடுறேன்.”

உட்கார்ந்தேன். அவர் ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து, கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அதை உரசினார். பால் மாதிரி வந்த குழம்பைத் தூரிகையால் தொட்டு, உடைந்த இடத்தில் தடவினார். சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

“அது என்னங்க, சுண்ணாம்பா?”

“இல்லம்மா. வெங்காரம்.”

“வெங்காயமா?”

சிரித்துவிட்டார். “எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க. வெங்காரம், வெங்காரம். இது போடலன்னா பத்தவெச்சது நிக்காது. இங்கிலீசுல போராக்ஸுன்னு சொல்றாங்களாம். எம்பையன் கடல் படிப்பு படிக்கிறான். அங்க பூச்சி புடிச்சுப் போட்டு வெக்கிற பாட்டில்ல இதத்தான் போடுவாங்களாம். ‘அப்பா, கடலுக்குப் போனாலும் நம்ம வெங்காரம் இல்லாம ஆகலப்பா’ன்னு ஒரே பெருமை அவனுக்கு.”

ஊதுகுழலை வாயில் வைத்து விளக்குச் சுடரைத் தோட்டின் மேல் வளைத்தார். வெள்ளைக் குழம்பு பொங்கி, கண்ணாடியாக உருகி, அடங்கியது. இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அந்த நெட்டைக் கழுத்து என் காதருகே குனிந்தது நினைவுக்கு வந்தது. ஃபார்மலின் நாள்பட நாள்படத் தானே அமிலமாகும். அந்த அமிலத்தை முறிக்கத்தான் ஜாடிக்கு ஒரு கரண்டி போராக்ஸ். போடாவிட்டால் முதலில் கரைவது ஓடு. இதைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

“பையன் நல்லாப் படிக்கிறாரா?” என்றேன். ஏதாவது பேசவேண்டும் போலிருந்தது.

“படிப்பான். நேத்திலேருந்துதான் ஒரு மாதிரி இருக்கான். சாப்புட மாட்டேங்குறான். கேட்டா ஒண்ணுமில்லைங்குறான்.” தோட்டைத் தண்ணீரில் போட்டார். சுரீர் என்றது.

வீட்டுக்கு வந்ததும் பரண் மேலிருந்து படகுக்கு எடுத்துப்போன பையை இறக்கினேன். பக்கவாட்டு அறையில், வாந்திக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைகளுக்கு அடியில், ஒரு பொட்டலம் இருந்தது. ‘போராக்ஸ் – 12 கரண்டி’ என்று என் கையெழுத்து. எழுத்துக்கூடக் கலையவில்லை. பிரிக்கவே இல்லை.

குறிப்பேட்டை எடுத்தேன். நாலு மாதத்தில் முதல்முறையாகக் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். ஓட்டோடு 412, அடையாளம் தெரியாதவை 31. ஓட்டோடு 296, அடையாளம் தெரியாதவை 144. ஓட்டோடு 118, அடையாளம் தெரியாதவை 319. மூன்று வரியையும் கூட்டினால் நானூற்று நாற்பத்து மூன்று, நானூற்று நாற்பது, நானூற்று முப்பத்தேழு. ஒரு நத்தையும் எங்கேயும் போகவில்லை. ஓட்டை இழந்து, சுருங்கி, ஜாடிக்குள்ளேயேதான் கிடந்தன. நான்தான் ஒவ்வொன்றாக ஊசியால் தள்ளிக் குப்பையில் சேர்த்திருக்கிறேன். கடல் அமிலத்தில் ஓடு கரைகிறதா என்று பார்க்கப் போனவள், சொந்த அலமாரியில் கரைத்துக் காட்டியிருக்கிறேன். அந்த முடி? என் எச்சில் காய்ந்தால் முடி விழத்தானே செய்யும்.

ஞாயிறு முழுக்கக் கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாய்தான் சொல்லவில்லை. மூளை வேறு வேலை பார்த்தது. நாளைக்குக் காலையிலேயே போய் ஜாடிக்கு ஒரு கரண்டி போட்டுவிட்டால்? எப்போது போட்டது என்று யார் கண்டார்? பொட்டலத்தை எரித்துவிட்டால் முடிந்தது. நூறு நத்தை இருந்தால் நூறை வைத்து எழுதலாம், மிச்சம் திருடுபோனது என்று ஆறு மாதம் கூடுதலாகக் கேட்கலாம். திருட்டுக் கொடுத்தவளுக்கு இரக்கம் காட்டுவார்கள். கரைத்துவிட்டவளுக்கு யார் காட்டுவார்கள்? எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது அன்றுதான். ராத்திரி சமையலறையில் நின்றபடியே சட்டென்று எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“சொல்லலைன்னா என்னங்க ஆகும்?” என்றேன்.

“ஒனக்கு ஒண்ணும் ஆகாது.” கையிலிருந்த தட்டைத் துடைத்து வைத்தார். “பத்து வருஷமா என் சட்டைப் பையத் துழாவுற. நான் ஒரு வார்த்த கேட்டதில்ல. ஏன்னா உள்ள ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியும். தன் பையில ஒண்ணுமில்லைன்னு அவனுக்கும் தெரியும். இப்போ ஒனக்கும் தெரிஞ்சுபோச்சு.”

திங்கட்கிழமை பத்து மணிக்கே கூடத்துக்குப் போனேன். குச்சியின் அலமாரியில் புதுப் பூட்டு தொங்கியது. கண்ணாடி வழியாக அவன் ஜாடிகள் தெரிந்தன. ஒவ்வொரு லேபிளிலும் திரவ மட்டத்துக்குப் பென்சில் கோடு. நான் போட்ட மாதிரியே. பார்க்கப் பொறுக்கவில்லை. என் ஐந்தாம் ஜாடியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, இழுப்பறையிலிருந்து லிட்மஸ் தாள் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். பொட்டலம் ஏற்கெனவே பைக்குள் இருந்தது. அது எதற்கு என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. கரண்டிகூட எடுத்து வந்திருந்தேன்.

விசாரணை அறையில் துறைத்தலைவர், மேடம், குறிப்பெடுக்க அலுவலகத்து அம்மா ஒருவர். குச்சி இஸ்திரி போட்ட சட்டையில், கோப்பு ஒன்றை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஒட்டுநாடாவைப் பற்றித் துறைத்தலைவர் கேட்டார்.

“அந்த வாரம் கூடத்துல என் முறை சார். எல்லா மூடியும் செக் பண்ணணும். அஞ்சாம் நம்பர் லூசா இருந்துச்சு. இறுக்கி, புது டேப் போட்டேன். பதிவேட்டுல எழுதிருக்கேன்.” கோப்பிலிருந்து நகலை எடுத்து நீட்டினான். தேதியும் கையெழுத்தும் இருந்தன. நான் அந்தப் பதிவேட்டைப் புரட்டியதே இல்லை.

துறைத்தலைவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க எதாவது கேக்கணுமா?”

எழுந்தேன். “படகுல ரெண்டாவது நாள் எங்கிட்ட வந்து ஒண்ணு கேட்டியே. என்னன்னு ஞாபகம் இருக்கா?”

அவன் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். ஒரே ஒரு வார்த்தை. அவன் வாயால் அது வந்துவிட்டால் மிச்சத்தை நான் சொல்லிவிடலாம், பாதி வழியை அவனே நடந்து கொடுத்த மாதிரி இருக்கும். என்ன சாமர்த்தியம் பாருங்கள், அப்போதும் அவன் தோளில்தான் ஏறப் பார்த்தேன். அவன் என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தான். இந்தக் கேள்விக்குள் எங்கே கண்ணி வைத்திருக்கிறாள் என்று தேடுகிற பார்வை. எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. கண்ணாடி முன்னால் நின்றால் பார்க்கிறேனே.

“நான் ஒண்ணும் கேக்கல, மேடம்” என்றான்.

எங்கள் மேடம் நிமிர்ந்தார், தன்னைச் சொல்கிறான் என்று நினைத்து. அவன் சொன்னது என்னை.

அலுவலகத்து அம்மா அதை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பைக்குள் கைவிட்டேன். முதலில் பொட்டலம் தட்டுப்பட்டது, அப்புறம் கரண்டி, அப்புறம் ஜாடி. பொட்டலத்தை என் கையெழுத்து மேலே தெரிகிற மாதிரி மேசையில் வைத்தேன். பக்கத்தில் ஜாடியை வைத்து, அவன் ஒட்டிய நாடாவை அவன் சுற்றிய பக்கமாகவே பிரித்தேன். மூடியைத் திறந்ததும் ஃபார்மலின் நெடி எல்லார் மூக்கிலும் ஏறியது. துறைத்தலைவர் கைக்குட்டையைத் தேடினார்.

அமிலம் பட்டால் நீல லிட்மஸ் சிவக்கும் என்பது ஒன்பது வருடம் எட்டாம் வகுப்புக்கு நடத்திய பாடம். எத்தனை பிள்ளைகள் கையில் கொடுத்து ‘பாருங்க, பாருங்க’ என்று சொல்லியிருப்பேன். நீலத் தாளின் நுனியை நனைத்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி உயர்த்திப் பிடித்தேன். குச்சி ஓரடி பின்னால் நகர்ந்து, கோப்பை இன்னும் இறுக்கிக்கொண்டான். நுனியிலிருந்து வெளிர் சிவப்பு, அவசரமே இல்லாமல், என் விரலை நோக்கி ஏறிவந்துகொண்டிருந்தது.